வெட்சி முதல் வாகை வரை: பண்டைப் போர் விளையாட்டுக்குச் சங்ககால விரிவாக்கம் உருவாக்கும் முழுமையான வழிகாட்டி

முறை வைத்து ஆடும் பண்டைப் போர் விளையாட்டுகளுக்கு வரும் விரிவாக்கத் தொகுப்புகளில் பெரும்பாலானவை உரோமையும் கிரேக்கத்தையும் பாரசீகத்தையும் சுற்றியே அமைகின்றன. 2017-இல் வெளிவந்த ‘ஃபீல்ட் ஆஃப் குளோரி 2’ விளையாட்டை எடுத்துக்கொண்டால், அலெக்சாந்தருக்குப் பின் வந்த அரசுகளுக்கு ஒன்று, பாரசீகத்தின் எழுச்சிக்கு ஒன்று, வெண்கலக் காலத் தேர்ப்படைகளுக்கு ஒன்று என்று தொகுப்புகள் அடுத்தடுத்து வந்தன. சங்ககாலத் தமிழகத்தை முழுமையாக ஆட விரும்புபவர் அதைத் தாமே செய்துகொள்ள வேண்டியதுதான். சென்னையில் இருப்பவருக்கு அதற்கான மூலங்கள் அனைத்தும் மின்சார ரயிலிலும் மாநகரப் பேருந்திலும் சென்றுவரும் தொலைவிலேயே கிடைக்கின்றன என்பது பெரிய வசதி.

தொடங்குவதற்கு முன் ஓர் அளவுகோலை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். புதிதாகச் சேர்க்கும் ஒவ்வொன்றும் ஆடுபவர் எடுக்கும் முடிவு ஒன்றையாவது மாற்ற வேண்டும். உரோமை வீரனின் படத்தை எடுத்துவிட்டு அங்கே வேலேந்திய மறவனின் படத்தை ஒட்டினால் அது உடை மாற்றம்தான், விரிவாக்கம் ஆகாது. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த அளவுகோலை வைத்தே எழுதப்பட்டவை.

படி 1: அடித்தள விளையாட்டைத் தேர்ந்தெடுத்தல்

இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, மேலே சொன்ன ‘ஃபீல்ட் ஆஃப் குளோரி 2’ போன்ற விற்பனை விளையாட்டுக்கு மோட், அதாவது அதன் கோப்புகளை மாற்றி அமைக்கும் தொகுப்பு, செய்வது. அதில் படைப்பிரிவுகளின் தரவுகள் அட்டவணைக் கோப்புகளாக இருப்பதால் எக்செல் தெரிந்தவர் எவரும் திறந்து மாற்றலாம். ஒவ்வொரு பிரிவும் உறுதி, குலைவு, சிதைவு, ஓட்டம் என்ற நான்கு நிலைகளில் படிப்படியாக இறங்குவது சங்கப் போர்களுக்கு நன்றாகப் பொருந்துகிறது. இரண்டாவது வழி, ‘பேட்டில் ஃபார் வெஸ்நாத்’ என்ற இலவசத் திறமூல விளையாட்டின் மேல் கட்டுவது. அது கற்பனை உலக விளையாட்டுதான் என்றாலும், அதன் அறுகோணக் கட்டங்களும், எளிய உரைக் கோப்புகளில் எழுதப்படும் விதிகளும் புதியவருக்குக் கைகொடுப்பவை.

என் பரிந்துரை இரண்டாவது. விற்பனை விளையாட்டில் எண்களை மாற்றுவது எளிது; ஆனால் ஆநிரை கவர்தல் போன்ற புதிய விதியைப் புகுத்துவதற்கு அதன் நிரல்மொழிக்குள் இறங்க வேண்டியிருக்கும். எதைத் தேர்ந்தாலும் உரிம ஒப்பந்தத்தை முதலிலேயே படித்துவிட வேண்டும். விற்பனை விளையாட்டின் மேல் செய்த மோட்டை விலைக்கு விற்பதைப் பொதுவாக அனுமதிப்பதில்லை.

படி 2: எல்லை வகுத்தல்

சங்ககாலம் என்று பொதுவாகக் கொள்ளப்படும் கி.மு. 300 முதல் கி.பி. 300 வரையிலான பரப்பு முழுவதையும் எடுத்துக்கொண்டால் வேலை முடியாது. மூன்று களங்கள் போதும்: ஓர் ஆகோள் பூசல் (ஆநிரை கவரும் சண்டை), ஒரு முற்றுகை, ஒரு பெரும்போர். இம்மூன்றும் மூன்று வகையான சிந்தனையைக் கேட்பவை. முற்றுகைக்குப் பாரியின் பறம்புமலையையும் பெரும்போருக்குக் கரிகாலனின் வெண்ணிப் பறந்தலையையும் நான் எடுத்துக்கொள்கிறேன். தலையாலங்கானத்தை எடுக்க விரும்புவோர் உண்டு. பாண்டியன் நெடுஞ்செழியனை எழுவர் எதிர்த்த அந்தப் போர் கவர்ச்சியானதுதான். ஆனால் வெண்ணிக்கான விதிகளை எழுதி முடித்துவிட்டால் அது தானாக வந்துவிடும்.

படி 3: மூலங்களைத் திரட்டுதல்

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலிருந்து தொடங்கலாம். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை நினைவில் கொள்க. அலெக்சாண்டர் ரீ என்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆதிச்சநல்லூரில் அகழ்ந்தெடுத்த இரும்புப் பொருள்கள் இங்கே இருக்கின்றன. கண்ணாடிப் பெட்டிக்குள் துருவேறிக் கிடக்கும் வாள்களையும் வேல்முனைகளையும் கூர்ந்து பார்த்தால், திரைப்படங்களில் வரும் அகன்ற பளபளப்பான வாள்களை வரைவதற்குக் கை எழாது. வேல்முனையின் நீளத்தையும் தண்டு செருகும் குழலின் அமைப்பையும் குறித்துக்கொண்டால், படம் வரைபவருக்கு அதைவிட நல்ல வழிகாட்டி வேண்டியதில்லை. அதே வளாகத்தில்தான் கன்னிமாரா நூலகமும் இருக்கிறது. பதிப்புகளை ஒப்பிட்டுப் பார்க்கப் பெசன்ட் நகரில் உள்ள உ.வே.சா. நூலகமும் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் உதவும்.

நூல்களில் புறநானூறும் பதிற்றுப்பத்தும் கட்டாயம். போர்ப்பாசறை எப்படி இருந்தது என்பதற்கு முல்லைப்பாட்டைவிட நெருக்கமான வருணனை கிடையாது. காட்டை வெட்டித் திருத்திய இடம், முள்ளால் இட்ட வேலி, யானைப் பாகர் பயிற்றும் கட்டளைச் சொற்கள், நாழிகை பார்த்துச் சொல்வோர் என்று எல்லாம் அதில் உண்டு. முள்வேலியிட்ட பாசறையை ஒரு கட்டமாக வைத்து, அதை அமைக்க ஒரு முழு முறையைச் செலவிட வேண்டும் என்று விதித்தால், விரைந்து முன்னேறுவதா, இரவுக்கு முன் பாதுகாப்பாகத் தங்குவதா என்ற கேள்வி ஆடுபவருக்கு உடனே எழுந்துவிடும்.

பாடல்களில் கிடைக்காதது படைகளின் எண்ணிக்கை. புலவர்கள் கணக்குப்பிள்ளைகள் அல்லர். அதனால் ‘இத்தனை ஆயிரம் வீரர்’ என்று எங்கும் எழுதாமல், படைகளின் வலிமையை ஒப்பீட்டுப் புள்ளிகளில் மட்டும் வைப்பது நேர்மையானது.

படி 4: படைப்பிரிவு அட்டவணை

தேர், யானை, குதிரை, காலாள் என்ற நால்வகையை அப்படியே நான்கு பிரிவுகளாக எழுதிவிடுவதுதான் பலரும் செய்வது. நான்கும் வெவ்வேறு வேலைகளைச் செய்ய வேண்டும்.

காலாட்படையே முதுகெலும்பு. வேல் வீரர், வில்லோர், மழவர் என்று மூன்றாகப் பிரித்தால் போதும். வேல் வீரர் வரிசையில் நிற்பவர்கள். வில்லோர் மூன்று கட்டத் தொலைவு எய்பவர்கள். மழவர் காட்டிலும் கரம்பிலும் வேகம் குறையாமல் ஓடித் தாக்கிவிட்டு விலகுபவர்கள். கோசர், வடுகர் போன்றோரைக் களத்துக்கு ஏற்றபடி துணைப்படையாகச் சேர்க்கலாம்.

குதிரையின் விலையை உயர்த்தி வைக்க வேண்டும். காவிரிப்பூம்பட்டினத்துக்குக் குதிரைகள் கடல்வழியாக வந்திறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. இறக்குமதியான விலங்கை நம் ஊர் மழவனைப் போல மலிவாக வாங்க முடியாது. யானைக்கு நூறு புள்ளிகளில் இருபது என்றால் குதிரைக்குப் பதினான்கேனும் இருக்கட்டும். தேரைத் தனிப் படையாக வைக்காமல், வேந்தனோ வேளோ (சிற்றரசனோ) நிற்கும் தலைமைப் பிரிவாக வைப்பது என் விருப்பம். வண்டல் வயலில் அது நகராது, மேட்டு நிலத்தில் மட்டும் ஓடும் என்றால், தலைவனை எங்கே நிறுத்துவது என்ற முடிவு நிலத்தோடு பிணைந்துவிடும்.

யானைக்குத் தாக்கும் எண்ணை உயர்த்துவது மட்டும் போதாது. கோட்டைக் கதவை முட்டி முட்டித் தந்தத்தின் முனை மழுங்கிய யானைகளைப் புறநானூறு பேசுகிறது. ஆகவே கதவை உடைக்கும் தகுதி யானைக்கு மட்டுமே இருக்க வேண்டும். ஒவ்வொரு முட்டலுக்கும் அதன் களத்தாக்கு ஒரு புள்ளி குறைய வேண்டும். கதவுக்கு அனுப்பிய யானை பிறகு களத்துக்கு உதவாது. மனவுறுதி முறிந்தால் அது எதிர்ப்படும் திசையில் இரண்டு கட்டம் ஓடி, வழியில் நிற்பவர் நம்மவரா பிறரா என்று பாராமல் மிதிக்கட்டும்.

படி 5: திணைகளை ஆட்டத்தின் கட்டங்களாக மாற்றுதல்

இந்த விரிவாக்கத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. தொல்காப்பியம் புறத்திணைகளை ஏழாக வகுக்கிறது. பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலை அவற்றைப் பன்னிரண்டாக விரித்து, போர்த்திணைகளில் தாக்குவோருக்கும் தடுப்போருக்கும் தனித்தனித் திணை தருகிறது. நிரை கவர்தல் வெட்சி, மீட்டல் கரந்தை, படையெடுத்துச் செல்லுதல் வஞ்சி, எதிர்நின்று காத்தல் காஞ்சி, மதிலை வளைத்தல் உழிஞை, மதிலுக்குள் நின்று காத்தல் நொச்சி, களத்தில் இருவரும் மோதுதல் தும்பை, வெற்றி வாகை. இலக்கண ஆராய்ச்சிக்கு எது மூத்தது என்பது வேறு கேள்வி. இருவர் எதிரெதிரே அமர்ந்து ஆடும் விளையாட்டுக்கு இந்தப் பிற்கால இணை வகுப்பு அளவெடுத்துத் தைத்தது போல அமைகிறது.

ஆகோள் களத்தை முதலில் செய்க. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுக்கப்பட்ட நடுகல்லில், கூடலூர் ஆகோளில் இறந்த ஒருவனுக்கான கல் என்று தமிழி (தமிழ் பிராமி) எழுத்தில் பொறித்திருக்கிறது. ஆகவே இது வெறும் இலக்கிய மரபன்று, உண்மையாக நடந்த பூசல்தான் என்று உறுதியாக எழுதலாம்.

விதிகள் இப்படி அமையட்டும். ஊரிலிருந்து வெட்சியாரின் எல்லை ஒன்பது கட்டத் தொலைவு. ஆநிரையை ஓட்டுபவர் பக்கத்தில் இருந்தால் அது ஒரு முறைக்கு இரண்டு கட்டம் நகரும், இல்லையென்றால் ஒன்று. ஓட்டுபவர் அந்த முறையில் சண்டையிட முடியாது. கரந்தையார் மூன்றாம் முறையில் ஊரிலிருந்து கிளம்புவர். அவர்களின் வேகம் மூன்று. கணக்குப் பாருங்கள்: நிரை ஐந்தாம் முறை முடிவில் பத்தாம் கட்டத்தை எட்டி எல்லையைத் தாண்டிவிடும், துரத்துபவர் அப்போது ஒன்பதில் இருப்பர். வழியில் ஒரே ஒரு முறை நின்றாலும் நிரை எட்டாம் கட்டத்தில் சிக்கிவிடும். எனவே ஒரு மந்தையை விட்டுக்கொடுத்துத் துரத்துபவரைத் தாமதப்படுத்துவதா, எல்லாவற்றையும் ஓட்டிக்கொண்டு ஓடுவதா என்று வெட்சியார் முதல் முறையிலேயே தீர்மானிக்க வேண்டியிருக்கும். எல்லை வரையுள்ள நிலத்தில் ஓர் ஆற்றுக்கடவை வைத்தால் இன்னும் சுவை கூடும். வேகங்களைத் தொடாமல் நிலத்தை மட்டும் மாற்றிப் பார்த்து, ஆட்டத்தைச் சமன்படுத்துக.

படி 6: பறம்பு முற்றுகை

முற்றுகைக் களங்கள் பெரும்பாலும் சலிப்பூட்டுபவை. மதிலின் உயிர்ப்புள்ளி குறைவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பறம்பு அப்படியன்று. இன்றைய சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலையாகக் கருதப்படும் அந்த மலையை மூவேந்தரும் சூழ்ந்தபோது, உழவர் உழாமலே அங்கே நான்கு உணவு விளைவதாகக் கபிலர் பாடுகிறார்: மூங்கில்நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். மரந்தோறும் யானையைக் கட்டினாலும் வாளால் அதைக் கொள்ள முடியாது. பாணராய் விறலியரோடு ஆடிப் பாடிச் சென்றால் நாட்டையும் குன்றையும் பாரியே கொடுத்துவிடுவான் என்று அவர் மூவேந்தரை எள்ளுகிறார்.

இதை விதியாக்குவது எளிது. மலைமேல் நான்கு உணவுக் கட்டங்களை வைக்க வேண்டும். ஒவ்வொன்றும் முறைக்கு ஒரு புள்ளி உணவு தரும். நொச்சியாருக்கு முறைக்கு மூன்று புள்ளி தேவை. ஆக உழிஞையார் இரண்டு கட்டங்களைப் பிடிக்காதவரை உள்ளே பசி வராது. கீழே சூழ்ந்து நிற்கும் மூவருக்குமோ பொதுக் களஞ்சியம் கிடையாது. அவரவர் நெல் அவரவருக்கு. முதலில் நெல் தீர்ந்த வேந்தன் முற்றுகையை விட்டு விலகுவான். எனவே உழிஞையாரின் முதல் எதிரி காலம், இரண்டாம் எதிரி தன் கூட்டாளி.

உள்ளே பசி தொடங்கியபின் என்ன நடக்கும் என்பதற்கு ஆவூர் முற்றுகையைப் பற்றிய கோவூர் கிழாரின் பாடலைப் பார்க்க வேண்டும். நீராடாமலும் கவளம் பெறாமலும் கிடக்கும் யானைகள், பாலின்றி அலறும் குழந்தைகள், பூச்சூடாத மகளிர் என்று வரிசையாகச் சொல்லி, அறத்தோடு நிற்பாயானால் கதவைத் திற, மறத்தோடு நிற்பாயானால் போருக்குத் திற என்று கோட்டைக்குள் அடைபட்டிருந்த சோழன் நெடுங்கிள்ளியிடம் அவர் சொல்கிறார். பசியின் மூன்று நிலைகளுக்கு இந்த மூன்று காட்சிகளே போதும். முதலில் யானையின் தாக்கு குறையட்டும், பிறகு காலாளின் மனவுறுதி, இறுதியில் கதவைத் திறப்பதா என்ற கட்டாயத் தேர்வு.

புலவர் தூது என்று ஒரு சீட்டையும் சேர்க்கலாம். இரு தரப்பும் ஒப்பினால் ஆட்டம் சமனில் முடியும், புள்ளிகள் பகிரப்படும். பறம்பின் குருவிகள் வெளியே போய்ச் செந்நெற்கதிர் கொண்டுவந்ததாக அகநானூற்றில் ஒரு குறிப்பு வருகிறது. அழகான செய்திதான், ஆனால் உணவுக் கணக்கில் அதை நுழைத்தால் உழிஞையாருக்கு வழியே இல்லாமல் போகும். களம் தொடங்கும் முன் வரும் முகவுரையில் வைத்துக்கொள்க.

மதிலுள்ள கோட்டைகளைப் பின்னர் சேர்க்க நினைப்பவர், சிலப்பதிகாரத்தில் மதுரை மதில்மேல் இருந்ததாகச் சொல்லப்படும் பொறிகளின் பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். வளைவிற்பொறி, கல்லுமிழ் கவண், காய்ந்த எண்ணெய்க் கலம் ஆகிய மூன்றுக்கு மேல் வேண்டாம்.

படி 7: வெண்ணிப் பறந்தலை

இன்றைய திருவாரூர் மாவட்டத்துக் கோயில்வெண்ணியாகக் கொள்ளப்படும் இந்தக் களத்தில் கரிகாலனை எதிர்த்துச் சேரமான் பெருஞ்சேரலாதனும் பாண்டியனும் நின்றனர். பதினொரு வேளிரும் தோற்றதாகப் பரணர் பாடல் சொல்கிறது. எதிரணியில் பதின்மூன்று தலைமைகள், சோழன் பக்கம் ஒன்று. புள்ளிகளில் எதிரணிக்கு 150, சோழனுக்கு 100 என்று வைத்து, எதிரணி ஒரு முறைக்குத் தன் பதின்மூன்று தலைமைகளில் ஏழு தலைமைகளை மட்டுமே நகர்த்தலாம் என்று விதிக்க வேண்டும். பெரிய படை, ஆனால் ஒருங்கே அசையாத படை. சோழன் ஆடுபவருக்கோ எந்தத் தலைமையை முதலில் உடைப்பது என்பதே கேள்வி.

மனவுறுதிக்கு மையம் முரசு. வேந்தனின் முரசுக்கு நான்கு கட்டத்துக்குள் இருக்கும் அவன் பிரிவுகள் முறைக்கு ஒரு படி மீளட்டும். கூட்டாளியின் முரசு உதவாது. முரசு பிடிபட்டால் அந்த வேந்தனின் பிரிவுகள் எல்லாம் ஒரு படி இறங்கட்டும். இதனோடு, அரசன் தன் அடையாளமாகக் காத்துவந்த காவல்மரத்தையும் சேர்க்கலாம். பழையன் என்பவனின் காவல் வேம்பைச் செங்குட்டுவன் வெட்டியதைப் பதிற்றுப்பத்து பெருமையாகப் பேசுகிறது. எதிரியின் மரத்தை வெட்டுவது படையை அழிப்பதற்கு ஈடான வெற்றி என்று புள்ளி தந்தால், ஆடுபவர் களத்தின் நடுவில் கட்டிப்புரளுவதை விட்டுவிட்டுப் பக்கவாட்டிலும் யோசிப்பார்.

அடுத்தது புறப்புண். பெருஞ்சேரலாதன் புறப்புண் (முதுகில் பட்ட புண்) நாணி வடக்கிருந்தான், அதாவது உண்ணாமல் இருந்து உயிர்விடத் துணிந்தான் என்று கழாத்தலையார் பாடியது எல்லோருக்கும் தெரியும். இதைக் கேட்டதும் ‘பின்னாலிருந்து தாக்கினால் வேந்தன் வீழ்வான்’ என்று விதி எழுதத் தோன்றும். பாடலைச் சரியாகப் படித்தால், எதிர்நின்ற வேந்தன் முன்புறம் குறித்து எறிந்ததால் வந்த புண் அது. மார்பில் பாய்ந்தது முதுகில் ஊடுருவியதால் வந்த நாணம். ஆகவே விதி திசையைப் பொறுத்து அமையக் கூடாது. ஒரே தாக்கில் வேந்தனின் பிரிவு பாதிக்கு மேல் இழந்தால் அது புறப்புண். அந்த வேந்தன் உயிரோடு இருந்தாலும் களத்திலிருந்து நீங்குவான். தோற்றவனே நின்னினும் நல்லன் அல்லவா என்று வெண்ணிக் குயத்தியார் கரிகாலனைப் பார்த்துக் கேட்டதற்கு ஏற்ப, வடக்கிருந்த வேந்தனின் தரப்புக்கு இறுதிக் கணக்கில் சில புகழ்ப்புள்ளிகள் தருவதும் பொருத்தம்.

நிலத்துக்கு வயலும் வாய்க்காலும் போதும். வயலில் தேரும் குதிரையும் தடுமாறும். மடையை உடைத்து நீர்விடும் உரிமையை இரு தரப்புக்கும் ஒரு முறை மட்டும் தரலாம்.

படி 8: கணினியை எதிரியாக்குதல்

இதில் நீண்ட நேரம் செலவிட வேண்டாம். அடித்தள விளையாட்டின் கணினி எதிரிக்கு எதிரியைக் கொல்வது மட்டுமே தெரியும். ஆநிரையும் முரசும் மரமும் மதிப்புள்ளவை என்று அதற்குச் சொல்ல வேண்டும். ஒவ்வோர் இலக்குக்கும் ஓர் எடை எண் தந்து, நிரையைக் கைப்பற்றியபின் எல்லையை நோக்கி மட்டுமே போகும்படி ஒரு கட்டளை எழுதினால் முதல் பதிப்புக்குப் போதும்.

படி 9: தாளில் ஆடிப் பார்த்தல்

நிரல் எழுதும் முன் அறுகோணக் கட்டத்தாளைத் திருவல்லிக்கேணி ஜெராக்ஸ் கடை எதிலாவது ஏ3 அளவில் எடுத்து, பல்லாங்குழிச் சோழிகளையும் பொத்தான்களையும் படைகளாக வைத்து ஆடிப் பாருங்கள். விதியின் ஓட்டை கணினியில் தெரிவதைவிடத் தாளில் விரைவாகத் தெரியும். “அண்ணே, நான் மந்தையை மூலையில் நிறுத்திட்டு ஆட்டம் முடியற வரைக்கும் சும்மா இருக்கேன், அப்ப யாரு ஜெயிச்சாங்க?” என்று கேட்கும் ஒருவரைத் தேடிப்பிடித்து எதிரே உட்கார வையுங்கள். ஓட்டையைத் தேடி ஆடுபவரே நல்ல சோதனையாளர். அவர் கேட்ட கேள்விக்கு விடை: முறைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்து, எல்லை தாண்டாத நிரை ஊருக்கே உரியது என்று எழுதிவிடுவது.

ஒவ்வொரு சோதனைக்கும் ஓர் எண்ணை மட்டுமே மாற்ற வேண்டும். ஒரே களத்தை இருவரும் பக்கம் மாற்றி ஆட வேண்டும்.

படி 10: தமிழ் எழுத்தும் வெளியீடும்

பழைய விளையாட்டு இயங்குதளங்கள் பலவற்றில் தமிழ் எழுத்துகள் உடையும். ‘கொற்றவை’ என்று எழுதினால் கொம்பு ஒருபுறமும் ககரமும் காலும் வேறுபுறமுமாகத் தனித்தனியே நிற்கும், அல்லது கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் விழும். முழு உரையையும் மொழியாக்கிய பிறகு இதைக் கண்டுபிடிப்பது கொடுமை. ஆகவே முதல் நாளே ‘கொற்றவை, கௌரவம், க்ஷணம், ஸ்ரீ’ என்ற நான்கு சொற்களை ஒரு பொத்தானில் போட்டுப் பாருங்கள். சரியாகத் தெரியாவிட்டால் யூனிகோட் எழுத்துருவை மாற்றுவதால் மட்டும் தீராது. எழுத்துகளைக் கோக்கும் பகுதியே இயங்குதளத்தில் இருக்க வேண்டும். ‘கோடோ 4’ போன்ற புதிய இயங்குதளங்களில் அது இருக்கிறது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் பொத்தான்களை அகலமாக வரைவதும் நல்லது. ‘முற்றுகையைக் கைவிடு’ என்பது சிறிய பெட்டிக்குள் அடங்காது.

மூலப் பாடல்கள் பொதுவுடைமை. இக்கால உரைகளும் அருங்காட்சியகப் படங்களும் அப்படியல்ல. உரையை உங்கள் சொற்களில் எழுதி, படங்களுக்கு அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளியிடும் தொகுப்புக்குப் பதிப்பு எண் கட்டாயம். படைப்பிரிவு அட்டவணையில் ஒரு வரிசையைச் சேர்த்தாலே பழைய சேமிப்புகள் திறக்காமல் போகலாம். அதனால் ஒவ்வொரு பதிப்பின் குறிப்பிலும் முதல் வரியாக, பாதி ஆடிய ஆட்டத்தை முடித்துவிட்டுப் புதிய பதிப்பை நிறுவுமாறு எழுதிவிடுங்கள்.